சொல்வன்மையும் வாய்மையும்: செய்தியாளர் எட்வர்ட் மரோவின் வாழ்க்கை

வள்ளுவர் சொல்வன்மையைப் பொருட்பாலில், அமைச்சியலில் வைத்தார். வாய்மையை அறத்துப்பாலில், துறவறவியலில் வைத்தார். சொல்வன்மை பயின்று பெறத்தக்க ஆற்றல். அவையில் வினை முடிப்பதற்குரிய கருவி. வாய்மையோ எதையேனும் துறப்பதற்கு ஆயத்தமாயிருப்பவர்க்கே முழுமையாகக் கைகூடுவது. இவ்வைப்புமுறைக்கு இங்ஙனம் பொருள் கொள்வோமாயின், சொல்லைத் தொழிலாகக் கொண்டோரின் வாழ்க்கையை உரைத்துப் பார்க்க நமக்கு ஓர் உரைகல் கிடைக்கின்றது.

அவ்வுரைகல்லில் வைத்துக் காணத்தக்க வாழ்க்கைகளுள் ஒன்று, அமெரிக்கச் செய்தியாளர் எட்வர்ட் மரோவின் வாழ்க்கையாகும். முதலில் வானொலிச் செய்திக்கும், பின்னர்த் தொலைக்காட்சி அரசியல் செய்திக்கும் வடிவம் தந்தவர்களுள் அவர் தலையாயவர். அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. எனினும், அதிகாரத்தின் முன் அஞ்சாது பேசிய செய்தியாளர் யார் என்னும் வினா எழும்போதெல்லாம் அவர் பெயரே முதலில் சொல்லப்படுகின்றது. அப்பெயருக்குப் பின்னால் துணிவு மட்டுமன்றித் தயக்கமும் இருந்தது. வெற்றியோடு விலையும் இருந்தது. அவற்றையும் சேர்த்துக் காண்பதே அவருக்குச் செய்யும் நேர்மையான நினைவாகும்.

இளமையும் கல்வியும்

மரோ 1908ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எக்பர்ட் என்பது. கல்லூரி நாள்களில் அதனை எட்வர்ட் என மாற்றிக்கொண்டார். பெற்றோர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். எளிய உழவர் குடும்பம். மின்விளக்கோ குழாய்நீரோ இல்லாத மரவீட்டில், மூன்று ஆண்மக்களுள் இளையவராக அவர் வளர்ந்தார். அவர் சிறுவராக இருந்தபோதே குடும்பம் நாட்டின் மறுகோடியிலுள்ள வாஷிங்டன் மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தை மரம் ஏற்றிச் செல்லும் இரயில் பாதையில் பணியாற்றினார். மகனும் கோடை விடுமுறைகளில் காடுகளில் மரம் வெட்டுவோருடன் உழைத்தே கல்விக்குப் பொருள் தேடினார்.

புல்மன் நகரிலிருந்த வாஷிங்டன் மாநிலக் கல்லூரியில் அவர் பேச்சுக்கலை பயின்றார். அங்கே ஐடா லூ ஆண்டர்சன் என்னும் ஆசிரியை அவருக்கு வாய்த்தார். இளமையிலேயே இளம்பிள்ளை வாதத்தால் உடல் நலிந்தவர் அவர். சொல்லின் ஒலி, நிறுத்தம், எடை ஆகியவற்றை நுணுகி அறிந்தவர். உரத்துப் பேசுவது பேச்சாகாது, தெளிந்து பேசுவதே பேச்சு என்னும் பயிற்சியை மாணவர்க்கு அளித்தவர். மரோ தம் குரலுக்கும் நடைக்கும் இவ்வாசிரியைக்கே கடமைப்பட்டிருப்பதாக வாழ்நாள் முழுதும் கருதினார்.

1930இல் பட்டம் பெற்றபின், நியூயார்க்கில் மாணவர் கூட்டமைப்பின் தலைவராகவும், அதன்பின் பன்னாட்டுக் கல்வி நிறுவனத்தின் துணை இயக்குநராகவும் பணிபுரிந்தார். ஜெர்மனியில் இட்லர் ஆட்சி தொடங்கியபோது பல்கலைக்கழகங்களிலிருந்து துரத்தப்பட்ட அறிஞர்களுக்கு அமெரிக்காவில் புகலிடம் தேடித்தரும் குழுவில் அவர் துணைச் செயலாளரானார். ஒரு நாட்டில் அச்சம் ஆட்சிக்கு வந்தால் முதலில் வாயடைக்கப்படுவோர் கற்றவரே என்பதனை அவர் அக்கோப்புகளில் கண்டார். 1934இல் ஜேனட் புருஸ்டர் என்பாரை மணந்தார். 1935இல் சி.பி.எஸ். வானொலி நிறுவனத்தில் சேர்ந்தார். சேரும்போது அவர் செய்தியாளர் அல்லர். சொற்பொழிவுகளுக்கு ஏற்பாடு செய்யும் அலுவலரே.

இலண்டன் குரல்

1937இல் அந்நிறுவனத்தின் ஐரோப்பியப் பொறுப்பாளராக மரோ இலண்டன் சென்றார். பேச்சாளர்களையும் நிகழ்ச்சிகளையும் தேடித் தருவதே பணி. வரலாறு அப்பணியை மாற்றியது. 1938 மார்ச்சில் ஜெர்மானியப் படைகள் ஆஸ்திரியாவுக்குள் புகுந்தபோது அவர் போலந்தில் இருந்தார். வியன்னாவிலிருந்த உடன்பணியாளர் வில்லியம் ஷைரரை, தணிக்கையின்றிப் பேசும்பொருட்டு, இலண்டனுக்குப் பறக்கச் செய்தார். தாம் பெர்லின் சென்று, ஒரு விமானத்தையே வாடகைக்கு அமர்த்தி, தனி ஒருவராக வியன்னா போய்ச் சேர்ந்தார். மார்ச் 13ஆம் நாள் இரவு, இலண்டன், பாரிஸ், பெர்லின், வியன்னா ஆகிய நகரங்களிலிருந்து அடுத்தடுத்து நேரடியாகப் பேசும் செய்தித் தொகுப்பு ஒலிபரப்பாயிற்று. இன்று நாள்தோறும் நாம் கேட்கும் செய்தித் தொகுப்பு முறைக்கு அதுவே முன்னோடி. மரோ செய்தியாளராகப் பேசியதும் அன்றே முதன்முறை.

1940இல் இலண்டன்மீது குண்டுமழை பொழிந்தது. ஆகஸ்டு மாத இரவொன்றில் டிரஃபால்கர் சதுக்கத்தருகே ஒலிவாங்கியைத் தரையருகே தாழ்த்திப் பிடித்தார் மரோ. அபாயச் சங்கு ஒலிக்க, மக்கள் பதுங்கிடம் நோக்கி நடந்துசெல்லும் காலடியோசை கடல் கடந்து அமெரிக்க வீடுகளில் கேட்டது. அவர்கள் ஓடவில்லை, நடந்தார்கள் என்பதே செய்தி. அதனை அடைமொழிகளால் சொல்லாமல் ஓசையாலேயே உணர்த்தினார். செப்டம்பர் முதல், பி.பி.சி. கட்டடத்தின் மேல்தளத்தில் நின்று, குண்டுகள் விழுந்துகொண்டிருக்கையிலேயே கண்டவற்றைக் கூறினார். அவருடைய அலுவலகமே பலமுறை குண்டுவீச்சுக்கு இரையாயிற்று.

அவருடைய உரைநடை கவிஞர் உற்றுநோக்கத்தக்கது. தட்டச்சில் எழுதுவதைவிட, வாய்விட்டுச் சொல்லிப் பிறரைக்கொண்டு எழுதுவிப்பதையே அவர் விரும்பினார். செவிக்குரிய சொல்லைச் செவியே தேர வேண்டும் என்பது காரணம். தொடர்கள் குறுகியவை. வினைச்சொற்கள் எளியவை. தீப்பற்றிய நகரைப் பற்றிப் பேசும்போது கடைக்காரரையும் தீயணைப்போரையும் தேநீர் வழங்கும் பெண்ணையும் காட்டுவார்; பேரழிவு என்னும் சொல்லைக் கேட்போரே வருவித்துக்கொள்வர். இலண்டனிலிருந்து பேசுவதாகத் தொடங்கும் அவருடைய முகப்புத் தொடரில் முதற்சொல்லுக்குப்பின் ஒரு சிறு நிறுத்தம் இருக்கும். அதனைச் சொல்லிக்கொடுத்தவர் ஐடா லூ ஆண்டர்சன். மாணவரின் குரலைத் தொலைவிலிருந்து கேட்டுத் திருத்தம் எழுதியனுப்பிய அவ்வாசிரியை 1941இல் மறைந்தார்.

அவ்வாண்டு திசம்பர் 2ஆம் நாள் நியூயார்க்கில் மரோவுக்கு விருந்தளித்துச் சிறப்புச் செய்தனர். கவிஞர் ஆர்ச்சிபால்ட் மெக்லீஷ் அங்கே உரையாற்றினார். தொலைவில் நிகழ்வது நமக்கு நிகழ்வதன்று என்னும் மூடநம்பிக்கையை மரோவின் சொற்கள் தகர்த்தன என்பது அவ்வுரையின் சாரம். ஒரு கவிஞர் ஒரு செய்தியாளர்க்கு அளித்த பாராட்டுகளுள் இதனினும் பெரியது அரிது. ஐந்து நாள்களில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டு, அமெரிக்காவும் போரில் இறங்கியது.

சொல்லின் எல்லை

போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்களில் இருபதுக்கும் மேற்பட்ட முறை மரோ பறந்தார். நிறுவனம் தடுத்தும் அவர் கேட்கவில்லை. 1943 திசம்பர் 2ஆம் நாள் இரவு பெர்லின்மீது பறந்து திரும்பி அவர் அளித்த உரை புகழ்பெற்றது. அதே இரவு, அதே தாக்குதலில், வேறொரு விமானத்தில் சென்ற நார்வே நாட்டுக் கவிஞர் நூர்டால் கிரீக் திரும்பவில்லை. முந்தைய ஆண்டுகளில் குண்டுக்குக் கீழே நின்று பேசியவர், அன்று குண்டு வீசுவோரிடையே அமர்ந்து, கீழே எரியும் நகரில் மனிதர் இருப்பதை மறவாமல் பேசினார்.

1945 ஏப்ரல் 12ஆம் நாள் புக்கன்வால்டு வதைமுகாமுக்குள் அவர் சென்றார். உடனே அதனைப் பற்றிப் பேச அவரால் இயலவில்லை. மூன்று நாள் கழித்து, 15ஆம் நாளே ஒலிபரப்பினார். அடுக்கிவைக்கப்பட்டிருந்த பிணங்களையும், கையில் எண் பச்சை குத்தப்பெற்ற குழந்தைகளையும், படுக்கையிலிருந்து எழவும் வலுவற்றுக் கிடந்தோரையும் எண்ணிக்கையோடும் அளவோடும் கூறினார். கண்டவற்றுள் ஒரு பகுதியையே கூறியதாகவும், எஞ்சியவற்றுக்குத் தம்மிடம் சொல் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். சொல்வன்மை மிக்க ஒருவர் சொல்லின் எல்லையை அறிவித்த இடம் அது. மிகைப்படுத்தாமையே அவ்வுரையின் ஆற்றல்.

அச்சத்தின் காலம்

போருக்குப்பின் சில காலம் நிறுவனத்தின் துணைத்தலைவராக இருந்த மரோ, 1947இல் அப்பதவியைத் துறந்து ஒலிவாங்கிக்கே திரும்பினார். ஆனால் நாடு மாறியிருந்தது. பொதுவுடைமையாளர் எங்கும் ஊடுருவியுள்ளனர் என்னும் அச்சம் பரவியது. 1950 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநில செனட் உறுப்பினர் ஜோசப் மெக்கார்த்தி, வெளியுறவுத் துறையிலேயே பொதுவுடைமையாளர் பலர் உள்ளனர் எனப் பெயர்ப்பட்டியலைக் காட்டிப் பேசினார். அதன்பின் குற்றச்சாட்டே தீர்ப்பாயிற்று. ஆசிரியர், நடிகர், அரசு அலுவலர் எனப் பலர் வேலையிழந்தனர்.

இக்காலத் தொடக்கத்தில் மரோ உரத்துப் பேசவில்லை என்பதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். 1950 ஆகஸ்டில் கொரியப் போரின் நடத்தையைக் குறைகூறி அவர் அனுப்பிய உரையை நிறுவனம் ஒலிபரப்பாமல் நிறுத்தியது. அவர் பதவி விலகவில்லை. அவ்வாண்டின் இறுதியில் ஊழியர் அனைவரும் தம் அரசியல் பற்றுறுதியை அறிவிக்கும் படிவத்தில் கையொப்பமிட வேண்டும் என நிறுவனம் கேட்டது. அவரும் கையொப்பமிட்டார், எதிர்க்க எண்ணிய இளையோர் சிலர் அவரை நோக்கியிருந்து ஏமாற்றமுற்றனர். மெக்கார்த்தியைச் செய்தித்தாள்களில் சிலர் முன்பே எதிர்த்து எழுதியிருந்தனர். செனட் அவையிலேயே 1950 ஜூனில் மார்கரெட் சேஸ் ஸ்மித் அம்மையார் எதிர்ப்புக் குரல் எழுப்பியிருந்தார். மரோ முதலாமவர் அல்லர்.

சின்னத்திரையில் ஒரு வழக்கு

1951 நவம்பர் 18ஆம் நாள், ஃபிரெட் ஃபிரண்ட்லி என்னும் தயாரிப்பாளருடன் இணைந்து, இப்போது காண்க எனப் பொருள்படும் பெயரில் வாராந்தரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றை மரோ தொடங்கினார். முதல் நிகழ்ச்சியிலேயே அட்லாண்டிக் கரையையும் பசிபிக் கரையையும் ஒரே நேரத்தில் நேரடியாகக் காட்டினார். இவ்வளவு பெரிய கருவியைக் கொண்டு சொல்வதற்கு என்ன இருக்கிறது என்பதே அடுத்த வினா.

அதற்கான விடை 1953 அக்டோபர் 20இல் வந்தது. மைலோ ரடுலோவிச் என்பார் மிச்சிகன் மாநிலத்தில் கல்வி பயின்றுகொண்டிருந்த இளைஞர்; விமானப்படையின் சேமப்பிரிவில் லெப்டினன்ட். அவருடைய தந்தையும் தமக்கையும் ஐயத்துக்குரியவர்கள் எனக் கூறி அவரைப் பணிநீக்க முனைந்தனர். சான்றுகள் மூடிய உறையில் இருந்தன, அவருக்குக் காட்டப்படவில்லை. உறவை விலக்கினால் பதவி தப்பலாம் என்னும் நிலையிலும் அவர் தந்தையையும் உடன்பிறந்தாளையும் கைவிட மறுத்தார். மரோ அவ்வூருக்கே படப்பிடிப்புக் குழுவை அனுப்பி, அக்குடும்பத்தாரையும் அண்டை அயலாரையும் பேசச் செய்தார். நிகழ்ச்சிக்கு விளம்பரம் தர நிறுவனம் முன்வரவில்லை. மரோவும் ஃபிரண்ட்லியும் தம் சொந்தப் பணத்திலிருந்து 1,500 டாலர் செலுத்தி நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் விளம்பரம் வெளியிட்டனர். ஐந்து வாரங்களில் விமானப்படைச் செயலாளர் அதே நிகழ்ச்சியில் தோன்றி, ரடுலோவிச் பணியில் நீடிப்பார் என அறிவித்தார்.

1954 மார்ச் 9ஆம் நாள் மெக்கார்த்தியைப் பற்றிய அரைமணி நேர நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. அதன் முறை கருதத்தக்கது. மரோ வசைச்சொல் எதனையும் பயன்படுத்தவில்லை. மெக்கார்த்தியின் சொந்தப் பேச்சுகளையும் விசாரணைக் காட்சிகளையும் தொகுத்துக் காட்டி, ஒவ்வொன்றின் பின்னும் உண்மை நிலையை ஆவணத்தோடு எடுத்துவைத்தார். அவரவர் சொல்லே அவரவர்க்குச் சான்றாயிற்று. இறுதியில் மட்டும் தம் கருத்தைக் கூறினார்: மாறுபட்ட கருத்துடையவரை நாட்டுக்குப் பகைவராகக் கருதலாகாது; குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்ட ஒன்றாகிவிடாது; இவ்வச்சத்தை மெக்கார்த்தி உண்டாக்கவில்லை, இருந்த அச்சத்தைப் பயன்படுத்திக்கொண்டார். பழியின் ஒரு பங்கை மக்கள்மீதும் அவர் வைத்தார். அப்பழியில் தமக்கும் பங்குண்டு என்பது அவரறியாததன்று.

ஏப்ரல் 6ஆம் நாள் மெக்கார்த்தி மறுமொழி கூற இடமளிக்கப்பட்டது. மெய்ம்மைகளை மறுப்பதை விடுத்து, பன்னாட்டுக் கல்வி நிறுவனத்தில் மரோ இருந்த நாள்களில் 1935ஆம் ஆண்டுக்குத் திட்டமிடப்பட்ட மாஸ்கோ கோடைப் பள்ளியைக் காட்டி, அவரையே ஐயத்துக்கு உள்ளாக்க முயன்றார். அது பலிக்கவில்லை. அடுத்து, இராணுவத்துக்கும் மெக்கார்த்திக்கும் இடையிலான விசாரணை பல வாரங்கள் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. திசம்பர் 2ஆம் நாள் செனட் அவை 67க்கு 22 என்னும் வாக்கில் அவரைக் கண்டித்தது. இவ்வீழ்ச்சிக்கு மரோ ஒருவரே காரணர் எனல் மிகையாகும். ஆனால் வீட்டுக்கூடத்தில் அமர்ந்திருந்த இலட்சக்கணக்கானோர், தாம் மட்டுமே ஐயுறவில்லை என அன்றிரவு அறிந்துகொண்டனர். அச்சம் தனிமையில்தான் வளர்கிறது. அத்தனிமையை அவர் உடைத்தார்.

விலை

துணிவுக்குரிய விலை உடனடியாகத் தண்டனையாக வரவில்லை. நிகழ்ச்சி நிரல் மாற்றமாக வந்தது. 1955இல் விளம்பரதாரர் விலகினார். அவ்வாண்டு ஜூன் 7ஆம் நாள், மரோவின் நிகழ்ச்சிக்கு முந்தைய நேரத்தில், பெரும்பணப் பரிசளிக்கும் வினாவிடைப் போட்டியொன்று தொடங்கிப் பேரளவில் மக்களை ஈர்த்தது. அவ்வரை மணி நேரத்தின் வணிக மதிப்பு உயர்ந்தது. செய்திக்கு அங்கே இடம் குறைந்தது. வாராந்தர நிகழ்ச்சி அவ்வப்போது வரும் நிகழ்ச்சியாகச் சுருங்கி, 1958 ஜூலையில் முடிவுற்றது.

அதற்கிடையிலும் அரிய பணிகள் நிகழ்ந்தன. 1955 ஏப்ரல் 12ஆம் நாள் இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்தின் வெற்றி அறிவிக்கப்பட்ட அன்றே, அதனைக் கண்ட ஜோனஸ் சால்க்கை மரோ நேர்கண்டார். அம்மருந்தின் உரிமை யாருடையது என்னும் அவர் வினாவுக்கு, அது மக்களுடையது என்னும் கருத்துப்படச் சால்க் விடை கூறினார். தம் ஆசிரியையின் உடலை நலிவித்த நோய் தோற்ற செய்தியை உலகுக்கு அறிவிப்போருள் ஒருவராக நிற்கும் பேறு மாணவருக்கு வாய்த்தது. 1958 அக்டோபரில் தொடங்கிய மற்றொரு நிகழ்ச்சியின் முதல் உரையாடலில், புதுதில்லியிலிருந்து நேருவும், வேறு இரு நாடுகளிலிருந்து ஆல்டஸ் ஹக்ஸ்லியும் தாமஸ் டியூயியும் கலந்துகொண்டனர். இன்னொரு புறம், புகழ்பெற்றோரின் இல்லங்களைக் காட்டும் எளிய கேளிக்கை நிகழ்ச்சி ஒன்றையும் 1953 முதல் 1959 வரை அவர் நடத்தினார். அது பெரும்புகழும் பெரும்பொருளும் தந்தது.

1958 அக்டோபர் 15ஆம் நாள் சிகாகோ நகரில், வானொலி தொலைக்காட்சிச் செய்தி இயக்குநர்களின் கூட்டத்தில் மரோ ஆற்றிய உரை அவர் வாழ்வின் மற்றொரு திருப்பம். தொலைக்காட்சி கற்பிக்கவும் தெளிவிக்கவும் வல்லது. மனிதர் அதனை அதற்குப் பயன்படுத்தினாலன்றி அது வெறும் மின்பெட்டியே என்பது அவ்வுரையின் கரு. தமக்கு ஊதியமளிக்கும் நிறுவனங்களையே முன்வைத்து அவர் பேசினார். அதன்பின் நிறுவனத்தில் அவருக்கு முன்பிருந்த இடம் இல்லை. 1960 நவம்பர் 25ஆம் நாள், நன்றியறிதல் விருந்துக்கு மறுநாள், அவ்விருந்துக்குரிய காய்கனிகளை அறுவடை செய்யும் புலம்பெயர் கூலித் தொழிலாளரின் அவலத்தைக் காட்டும் ஆவணப்படத்தை அவர் வழங்கினார். அங்கே அவர் ஆற்றிய கடைசிப் பெரும்பணி அதுவே.

அரசின் அவையில்

1961இல் குடியரசுத் தலைவர் கென்னடி அழைக்க, அமெரிக்கத் தகவல் துறையின் இயக்குநர் பதவியை மரோ ஏற்றார். உரைகல் இங்கே மீண்டும் தேவைப்படுகின்றது. பதவியேற்ற சில வாரங்களில், தாமே வழங்கிய அத்தொழிலாளர் ஆவணப்படத்தை இங்கிலாந்தில் ஒளிபரப்ப வேண்டா எனப் பி.பி.சி. நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டார். நாட்டின் பெயர் கெடும் என்பது காரணம். பி.பி.சி. இணங்கவில்லை, படம் ஒளிபரப்பாயிற்று, செய்தி வெளிப்பட்டு அவர் கண்டனத்துக்கு ஆளானார். பிறர் சொல்லை அடைப்பதற்கு எதிராக நின்றவர் தம் சொல்லையே அடைக்க முற்பட்டார். அமைச்சியலின் சொல் துறவறவியலின் சொல்லை மறைத்த தருணம் அது.

அப்பிழையோடு அவர் நின்றுவிடவில்லை. நாட்டின் நிறவெறிக் கொடுமைகளையும் மறைக்காமல் கூறினாலன்றி உலகம் அமெரிக்காவை நம்பாது என நாடாளுமன்றக் குழுவின் முன்னும் வலியுறுத்தினார். நம்பப்பட வேண்டுமாயின் நம்பத்தக்கவராயிருத்தல் வேண்டும், அதற்கு வாய்மை வேண்டும் என்பதே அவர் கொள்கையாயிற்று.

வாழ்நாள் முழுதும் அவர் விரலிடையில் புகைச்சுருள் இருந்தது. புகைப்பழக்கமும் நுரையீரல் புற்றுநோயும் பற்றி 1955இலேயே தம் நிகழ்ச்சியில் இரு பகுதிகள் ஒளிபரப்பியவர் அவர். அறிந்ததை ஊருக்குக் கூறியவரால் தம் பழக்கத்தைத் துறக்க இயலவில்லை. 1963இல் நுரையீரல் ஒன்று அகற்றப்பட்டது. 1964 தொடக்கத்தில் பதவி விலகினார். அவ்வாண்டு நாட்டின் உயர்ந்த குடிமை விருதான விடுதலைப் பதக்கமும், அடுத்த ஆண்டு பிரித்தானிய அரசின் மதிப்புறு வீரத்திருவிருதும் அவருக்கு வழங்கப்பெற்றன. 1965 ஏப்ரல் 27ஆம் நாள், ஐம்பத்தேழு அகவை நிறைந்து இரண்டே நாளில், நியூயார்க் மாநிலத்திலிருந்த தம் பண்ணை வீட்டில் மறைந்தார். அவர் பயின்ற கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. அதன் தகவல்தொடர்பியல் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நிறைவு

மரோவின் சொல்வன்மை ஒருநாளும் குன்றவில்லை. புகழ்பெற்றோரின் இல்லம் காட்டிய கேளிக்கை நிகழ்ச்சியிலும் அதே குரல்தான் ஒலித்தது. ஆயினும், அவர் எதையேனும் இழக்கத் துணிந்த வேளைகளில் பேசியவையே காலத்தைக் கடந்தன. மேல்தளத்தில் உயிரையும், ரடுலோவிச் வழக்கில் கைப்பொருளையும், சிகாகோவில் பதவியையும் அவர் பணயம் வைத்தார். படிவத்தில் கையொப்பமிட்ட நாளிலும், பி.பி.சி.யை வேண்டிக்கொண்ட நாளிலும் அவர் எதனையும் துறக்கவில்லை. அந்நாள்களைப் போற்றுவாரும் இல்லை.

கவிஞர்க்கும் இது பொருந்தும். சொல் பழகிய கைக்குச் சொல் வந்து வாய்க்கும். அச்சொல்லுக்காக எதனை விடுத்தோம் என்பதே பின்வருவோர் கேட்கும் கேள்வி. அக்கேள்விக்கு மரோவின் வாழ்க்கை பாதி விடை தருகின்றது. மறுபாதி, இன்று சொல்லைக் கையாள்வோர் ஒவ்வொருவரும் தருவதற்கு உரியது.